எங்கள் தெருச் சங்கம் குப்பை, கொசுவோடு நிற்க வேண்டியதுதானா? நகரத் திட்டமிடலில் நமக்கு வேலை இருக்கிறதா?

மடிப்பாக்கம் குமரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் நூற்றுச் சொச்சம் வீடுகள் சேர்ந்து ஒரு நலச்சங்கம் வைத்திருக்கிறோம். பெயருக்குத்தான் சங்கம். கொசு மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவது, பொங்கலுக்குக் கோலப்போட்டி, தெருவிளக்கு எரியவில்லை என்றால் போன் போடுவது, மீதி நேரம் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங். இவ்வளவுதான் இதுவரை.

இப்போது தெருமுனையில் இருந்த பழைய அரிசி மில்லை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு ஸ்டில்ட் (கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள தளம்) பிளஸ் ஏழு மாடி வரப்போகிறது என்று பேச்சு. தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள், அனுமதி விவரம் எழுதிய பலகை எதுவும் இல்லை. எங்கள் தெருவில் பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். மழைக்காலம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் மூன்று கட்சி. இளைஞர்கள் மறியல் செய்யலாம் என்கிறார்கள். பெரியவர்கள் கவுன்சிலரைப் பார்த்து மாலை போட்டால் போதும் என்கிறார்கள். ஒருவர் நேராக ஹைகோர்ட் என்கிறார் (அவர் மருமகன் வக்கீல்). எனக்குக் கேள்வி வேறு. ஒரு கட்டடம் வந்த பிறகு கத்துவதை விட, இந்த இடத்தில் எது வரலாம், எவ்வளவு உயரம் வரலாம், சாலை எப்படி இருக்கணும் என்று முடிவாகும்போதே நம்மைப் போன்ற சங்கம் உள்ளே போக வழி இருக்கிறதா? சென்னைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் (முழுமைத் திட்டம்) வேறு வருகிறது என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வெள்ளக்கோடு எழுதியது:

குமரன் சார், நேரத்தை வீணாக்காதீர்கள். நாங்கள் கையெழுத்து வாங்கினோம், மனு கொடுத்தோம், டீ குடித்துவிட்டு வந்தோம். கட்டடம் வந்துவிட்டது.

இந்த ஊரில் விதி என்பது கட்டி முடிக்கும் வரை பயமுறுத்துகிற சமாச்சாரம். கட்டிவிட்டால் வரன்முறை, அதாவது பணம் வாங்கிக்கொண்டு மீறலைச் சட்டப்படி ஆக்குவது. 1998இல் நகரமைப்புச் சட்டத்தைத் திருத்தி 113ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். அப்புறம் 113சி, 2007 ஜூலை 1க்கு முன் கட்டியதெல்லாம் பணம் கட்டினால் சரி. விதியை மீறியவனுக்கு வரன்முறை, விதிப்படி இடம் விட்டுக் கட்டியவன் வீட்டுக்குள் தண்ணீர். இதில் சங்கம் எங்கே போய் என்ன செய்யும்?

---

கோமதி வ. எழுதியது:

வெள்ளக்கோடு தம்பிக்கு முதலில். நீங்கள் சொன்ன கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். விட்ட பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதில் 113 என்ற பிரிவு எந்தக் கட்டடத்துக்கும் விதியிலிருந்து விலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்துக்கொண்டு ஆணைக்கு மேல் ஆணையாகப் போட்டார்கள். 1985இல் சென்னையில் தொடங்கிய கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப், இன்று கேக் என்று சொல்கிறார்களே அந்த அமைப்பு, ஆணைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. 2000இல் உச்ச நீதிமன்றம் பிரிவை விட்டுவைத்தது, ஆனால் அந்த 62 விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. 113ஏ-வை ஒரே ஒரு தடவைக்கு என்பதால் அனுமதித்தது. ஒரு தடவை என்றதை அரசு கெடு தேதியை நீட்டி நீட்டிப் பல தடவை ஆக்கியது. அந்த நீட்டிப்புகளை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அடித்தது. பிறகு 113சி வந்தது உண்மைதான். ஆனால் இடையில் நின்று பிடித்தவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை, பில்டர்கள் இல்லை. ஆணைகளைப் படித்துப் பார்த்த சில பேர். மனு கொடுத்துவிட்டு டீ குடித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குமரன், இப்போது உங்கள் விஷயம். நான் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரேசிங் பேப்பரில் மையில் வரைந்த காலத்து ஆள். எங்கள் பகுதிச் சங்கத்துக்குச் செயலாளர், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால்.

மறியலும் வேண்டாம், மாலையும் வேண்டாம். முதல் வேலை, ஒரு டேப் எடுத்துக்கொண்டு சாலையை அளந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயரத்தை முடிவு செய்வது முக்கியமாகச் சாலை அகலம்தான். 18.30 மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். சாலை 15, 18 என்று விரிய விரிய எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) ஏறிக்கொண்டே போய் 3.25 வரை கிடைக்கும். அரிசி மில் வாசலில் மட்டும் 12 மீட்டர் இருந்தால் போதாது, குறிப்பிட்ட நீளத்துக்கு அந்த அகலம் இருக்க வேண்டும். ஸ்டில்ட் பிளஸ் ஏழு என்றால் நிச்சயம் 18.30-ஐத் தாண்டும். உங்கள் வேனும் லாரியும் முட்டிக்கொள்கிற தெரு 12 மீட்டரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. மதில் முதல் மதில் வரை அளக்க வேண்டும், தார் ஓரம் முதல் தார் ஓரம் வரை இல்லை. கோயில் மதில், டிரான்ஸ்ஃபார்மர் மேடை, சாக்கடை மூடி எதுவும் விடாமல் ஒவ்வொரு மின்கம்பத்தின் எதிரிலும் ஒரு அளவு. கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதையே அடையாளமாகப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் இடம் மாற்றிப் பேச முடியாது. நாங்கள் அளந்தபோது எங்கள் சாலை வரைபடத்தில் ஒரே சீராக இருந்தது. தரையில் மருந்துக்கடைப் படிக்கட்டு ஒன்று, ஒரு வீட்டு சாய்தளம், அதற்கடுத்து துளசி மாடம் வரை வெளியே வந்திருந்தது. துளசி மாடம் எங்கள் பொருளாளர் வீட்டுடையது. அவர்தான் மாதிரி காட்டுவது போல முதலில் இடித்தார். அது நடந்திராவிட்டால் எதிராளியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

அடுத்து கோப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் கேட்டு எழுதுவதுதான் எல்லோருக்கும் தெரியும். கோப்பை நேரில் பார்வையிடக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, இந்த சர்வே எண்ணுக்கான திட்ட அனுமதிக் கோப்பை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும், இன்னின்ன பக்கத்துக்கு நகல் வேண்டும் என்று எழுதுங்கள். கோப்பில் சாலை அகலம் என்ன போட்டிருக்கிறது, சுற்றிலும் விட வேண்டிய இடம் எவ்வளவு, தீயணைப்பு வண்டி சுற்றி வர வழி காட்டியிருக்கிறார்களா, மூன்றையும் பார்த்துவிட்டால் உங்கள் மனு ஒரே பக்கத்தில் முடியும். அனுமதி வாங்கியிருந்தால் விவரப் பலகை தளத்தில் வைத்தே ஆக வேண்டும். பலகை இல்லை என்பதை தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அரிசி மில் இடம் எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. 3000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது, ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. பத்து சதவீதம் பூங்காவுக்காக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்ட விடுகிறார்கள். அதற்கு மேல் போனால் நிலம்தான், தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பேப்பரில் கொடுத்துவிடுவார்கள். தரையில்?

எங்கள் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் நீளமாக ஒரு துண்டு நிலம். அனுமதி வரைபடத்தில் பச்சை பூசி ஓஎஸ்ஆர் என்று எழுதியிருந்தது. இடத்தில் போய்ப் பார்த்தால் ஜெனரேட்டர், மூன்று கார், துணி காயப்போடும் கம்பி, நடுவே பூட்டிய கேட். குடியிருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்கும்போது இதுவும் உங்களுடையதுதான் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நாங்கள் வில்லங்கச் சான்று போட்டோம். அதில் தானப் பத்திர எண் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கினோம். நாலு எல்லையும் அடிக்கணக்கோடு தெளிவாக இருக்கிறது. அதைக் கொண்டுபோய் உள்ளாட்சி அலுவலகத்தில் காட்டினால், அது தங்களுடைய நிலம் என்பதே அங்கே இருந்தவருக்குத் தெரியவில்லை! சொத்துப் பதிவேட்டில் ஏறவே இல்லை. பதிவேட்டில் ஏற்றவைக்கத்தான் அதிக காலம் பிடித்தது. கேட் திறந்தது சீக்கிரம் நடந்துவிட்டது. இப்போது அங்கே இரண்டு நாவல் மரம், ஒரு ஊஞ்சல், நடைபாதைக்கு டைல்ஸ் போடுவதா மண்ணாகவே விடுவதா என்று ஓயாத சண்டை. நான் மண் கட்சி.

மாஸ்டர் பிளான் பற்றிக் கேட்டீர்கள். முதல் திட்டம் 1975, இரண்டாவது 2008இல் வந்து 2026 வரை. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கு. வரைவு வெளிவந்ததும் ஆட்சேபணை, யோசனை கேட்டே ஆக வேண்டும், அது சட்டம். ஆனால் அந்த நேரத்தில் சங்கங்கள் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். 'எங்கள் பகுதியைப் பசுமையாக வைத்திருக்க வேண்டும்' என்று அரைப் பக்கம். எந்த அதிகாரி அதை வைத்து என்ன செய்ய முடியும்? இந்த சர்வே எண் வரைபடத்தில் குடியிருப்புப் பகுதி, தரையில் மழைநீர் போகும் வாய்க்கால், இதோ மழை நாளில் எடுத்த படம் என்று அனுப்பினால் அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். உங்கள் மடிப்பாக்கத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே. 2007இல் அதில் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதிலும், அங்கே குப்பை கொட்டுவதற்கு எதிரான வழக்குகளிலும் சுற்றியுள்ள குடியிருப்போர் பங்கு பெரியது. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலுக்கும் போய்விட்டது.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1915 தொடக்கத்தில் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் நகரத் திட்டமிடல் கண்காட்சி வைத்தார். முதலில் அனுப்பிய பொருட்கள் ஏறி வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நம் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன். மறுபடி சேகரித்துக் கொண்டுவந்தார். அந்த மனுஷன் சொன்னதெல்லாம் முதலில் ஊரை நடந்து பார், அளந்து பார், அப்புறம் எதை இடிப்பது என்று யோசி என்பதுதான். 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது, கூடவே மாம்பலத்தில் நெடும் ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மழைக்குத் தி.நகரில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று ஆச்சரியப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்.

---

வாடகை வீட்டுக்காரி எழுதியது:

கோமதி அம்மா எழுதியது எல்லாம் சரி. ஒரு கேள்வி மட்டும். இந்தச் சங்கங்களில் 'நாம்' என்பது யார்?

நான் இதே ஊரில் மூன்று பேட்டையில் வாடகைக்கு இருந்திருக்கிறேன். எந்தச் சங்கத்திலும் எனக்கு ஓட்டு கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர் என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியாக இருந்த இடத்தில் சங்கம் சாதித்த பெரிய காரியம் என்ன தெரியுமா? முனையில் உட்கார்ந்து மீன் விற்ற அக்காவைக் கிளப்பியது. 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்.' அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது சங்கத் துணைத்தலைவர் கார் நிற்கிறது.

2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. ஆனால் அங்கே போய் எந்த இடத்தில் கடை போடலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசிய சங்கத்தை நான் பார்த்ததில்லை, போன் போட்டு, கடைகளை அள்ள லாரி வரவழைத்த சங்கங்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆற்றோரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே, பிள்ளைகள் பாதியில் பள்ளி மாறினார்கள். அதற்கு எந்தச் சங்கம் ஆட்சேபணை மனு போட்டது? அரிசி மில் இடத்தில் ஏழு மாடி வேண்டாம் என்கிறீர்கள் குமரன், சரி. அங்கே சின்னச் சின்ன வீடாகக் கட்டி என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டால் சம்மதமா? அதையும் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

---

செங்கல் சுண்ணாம்பு எழுதியது:

கட்டடக்கலை என்ற சொல்லையே யாரும் தொடவில்லை என்பதால் வந்தேன். தொழில்முறையில் ஆர்க்கிடெக்ட்.

மெரினா எதிரே காவல்துறைத் தலைமை அலுவலகம், வெள்ளைத் தூண்களோடு இருக்கிறதே, அது 1839இல் ஃப்ரீமேசன்கள் கட்டியது. 1993இல் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட முடிவெடுத்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்றப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. பிறகு அதையே பழுதுபார்த்து, பக்கத்தில் புதுக்கட்டடம் சேர்த்து, இன்றும் அங்கேதான் அலுவலகம் நடக்கிறது.

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இன்னொரு கதை. 1897இல் கட்டியது, கோபுரமும் வளைவுமாக இருக்கும். 2006இல் உரிமையாளரான எல்ஐசி இடிக்கத் தொடங்கியது. மறுபடி இன்டாக், மறுபடி வழக்கு. 2010 தீர்ப்பில் இடிக்கக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். அதோடு நானூற்றுச் சொச்சம் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு, அவற்றைப் பார்க்க ஒரு பாரம்பரியக் குழு. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. அந்தக் குழு போடப்பட்டது விளம்பரப் பலகைகள் விவகாரத்துக்காக! பலகை எந்தெந்தப் பழைய கட்டடத்தை மறைக்கிறது என்று எழுதப்போய்ப் பட்டியல் உண்டானது.

சங்கங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அழகாக இருக்கிறது, தாத்தா காலத்துக் கட்டடம் என்று சொன்னால் எங்கும் எடுபடாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஏற ஆவணம் வேண்டும். இன்னொன்று, தீர்ப்பு இடிப்பதைத் தடுக்கும், கூரையைச் சரிசெய்யாது. பாரத் கட்டடம் வழக்கில் வென்ற பிறகும் பல வருடம் ஒழுகிக்கொண்டுதான் நின்றது. அதற்குப் பணமும் உபயோகமும் கண்டுபிடித்துக் கொடுப்பதுவரை சங்கத்தின் வேலை என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நம் ஊர் அமைப்புகள் பலவீனம்.

குமரன், அரிசி மில்லைக் காப்பாற்றச் சொல்லவில்லை. இடிக்கும் முன் உள்ளே விட்டால் மரச்சட்டக் கூரையை நாலு படம் எடுத்து வையுங்கள். அந்த வேலை செய்யும் தச்சர்கள் இப்போது குறைவு.

---

மடிப்பாக்கம் குமரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாடகை வீட்டுக்காரி அவர்கள் கேட்டது குத்தியது. எங்கள் விதிமுறையிலும் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஓட்டு என்று திருத்தம் கொண்டுவரப் போகிறேன், தோற்கலாம்.

கோமதி மேடம், இரண்டு சந்தேகம். எங்கள் சங்கம் பதிவு செய்யாதது. பதிவு செய்யாமல் மனு கொடுத்தால் வாங்குவார்களா? வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று ஏதோ வந்ததே, அதில் இதைப் பேச முடியுமா? இடம் பெரியதுதான், 3000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் என்று தோன்றுகிறது.

---

கோமதி வ. எழுதியது:

மனு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தனி ஆளாகவும். ஆனால் வழக்கு, வங்கிக் கணக்கு என்று வந்தால் பதிவு இருப்பது நல்லது. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்யச் சோம்பல்படாத ஒருவரைப் பொருளாளராகப் போடுங்கள். அந்த ஓட்டுத் திருத்தத்தைப் பதிவுக்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி.

ஏரியா சபைக்கு விதிகள் 2022இல் வந்தன, அந்த நவம்பரில் முதல் கூட்டங்கள் நடந்தன. திட்ட அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதில் பேசலாம், வாடகைக்கு இருப்பவரும் தெரு வியாபாரியும் சேர்த்து. உங்கள் சாலை அளவுகளை அங்கே படித்துக் காட்டி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர்தான். மாலை போட நினைக்கிற பெரியவர்களை அங்கே அனுப்பிவையுங்கள், அவர்களுக்கும் வேலை கொடுத்த மாதிரி ஆச்சு.

டேப் ஃபைபரில் வாங்குங்கள், 30 மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இரும்பு டேப்பை நீட்டக்கூடாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் எழுத, ஒருவர் வண்டியை நிறுத்த என்று நாலு பேராவது வேண்டும், ஞாயிறு காலை ஏழு மணிக்குள். அளவுத்தாளில் அப்போதே எல்லோரும் கையெழுத்து. கோப்பு பார்க்க அனுமதி வந்ததும் இங்கே எழுதுங்கள், மில் பக்கம்தான் என் தங்கை வீடு, நானே வந்து வரைபடத்தைப் படித்துச் சொல்கிறேன்.